வசனக்கா திருத்திய கதை

அலுவலகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எடிட்டிங் அறையில் இருப்பவர்களிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் வசனக்காதான். இருபது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மாமியார் மருமகளைப் பார்த்துச் சொல்கிற வரி, மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொள்ளும் வரியாகிவிட்டால், அதை எழுதிய கை பெரும்பாலும் அவளுடையதாக இருக்கும்.

“நாலே வார்த்தை. வாங்கினவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். அது வசனக்காவுக்கு மட்டும்தான் வரும்” என்று தயாரிப்பாளர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அவள் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் பார்ப்பாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான் அந்த நிறுவனம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி வைத்திருக்கும். சுவரில் வெள்ளைப் பலகை. பழைய தொடர்களின் பாத்திரங்கள் அதில் பாதி அழிந்தும் அழியாமலும் இருப்பார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டால்தான் அவளுக்கு எழுத்து ஓடும். வீட்டில், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள்.

அந்த வருடம் ஒரு சேனல், பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொடர் வேண்டும் என்று கேட்டது. பிள்ளைகளெல்லாம் கைபேசிக்குள் குடிபோய்விட்டார்கள், அவர்களை எப்படியாவது மறுபடி டிவி முன்னால் இழுத்து உட்காரவைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. ஆறு நிறுவனங்கள் கதையோடு போயின. ஆறாவதாகப் போனவர்கள் இவர்கள்.

ஐந்து கதை கேட்டுக் களைத்துப்போயிருந்த சேனல் தலைவர், மேஜைக்குக் கீழே கைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டே “சொல்லுங்க மேடம்” என்றார். வசனக்கா சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் பரீட்சை நடக்கிறது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வெளியே போக அனுமதி கேட்கிறாள். முடித்துவிட்டுப் போ என்கிறார் டீச்சர். அடக்கமுடியாமல் பெஞ்சிலேயே பாவாடை நனைந்துவிடுகிறது. இன்னும் யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் உயிர்த்தோழி, அவள் கையில் தண்ணீர் பாட்டில். “அதை என் மேல கொட்டிடுடி, தண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம்” என்று இவள் கெஞ்சுகிறாள். தோழி கொட்டவில்லை. எழுந்து நின்று, “டீச்சர், யாரோ குழாயை மூடாம விட்டுட்டாங்க!” என்கிறாள். வகுப்பே குலுங்கிச் சிரிக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முழுக்கக் குழாய் என்று பெயர்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இது நிஜமா நடந்ததா?”

“நடந்தது சார்.”

“யாருக்கு?”

தயாரிப்பாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாகப் புதுத் தொடர் எதுவும் கையில் இல்லாத மனிதர்.

“எனக்குத்தான்.”

தலைவர் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கண்ணாடி போட்ட இளம்பெண் எழுதுவதை நிறுத்தினாள். அறையில் எல்லோர் முகமும் இளகிப்போயிற்று.

அது பொய். நனைந்த பாவாடையோடு உட்கார்ந்திருந்தவள் வசனக்கா இல்லை. பாட்டிலைக் கையில் வைத்திருந்தவள்தான் வசனக்கா.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு அவள் போகவில்லை. ஆனால் வாய் திறந்ததும் வழுக்கிக்கொண்டு வந்த லாவகம் இருக்கிறதே, அதுதான் திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளை உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு நாளா மனசுல வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா நீ” என்றார். அவளுக்கு ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. “என்னத்தைச் சொல்றது சார்” என்றாள்.

பொய் ஓரிடத்தில் நிற்கவில்லை. தயாரிப்பாளர் ஆர்வக்கோளாறில் ஓர் இணையப் பத்திரிகைக்காரரிடம் உளறிவிட்டார். ‘அவமானத்திலிருந்து எழுந்த எழுத்தாளர்’ என்று தலைப்புப் போட்டு, அவள் புகைப்படத்தோடு நீளமான செய்தி வந்தது. அதை மகள் படித்தாள். சமையலறைக்கு வந்து, பின்னாலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, “ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?” என்று முதுகில் முகத்தை வைத்து அழுதாள். வசனக்கா அடுப்பை அணைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மகளின் கை இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை விலகிவிடும் என்ற பயத்தில் பேசாமல் நின்றாள். அந்த வாரமே மகள் ‘நான் மதிக்கும் மனிதர்’ என்று கட்டுரை எழுதி வகுப்பில் வாசித்துவிட்டு வந்தாள். “எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்கம்மா. டீச்சர் கூட.”

அவள் எழுதிக் கொடுத்த கதைக்கு மூன்று வாரம் கழித்து சேனலிலிருந்து குறிப்பு வந்தது. கதை பிடித்திருக்கிறது, ஆனால் திருத்தி எழுத வேண்டும், பத்து நாளில் வேண்டும். தயாரிப்பாளர் உரக்கப் படித்தார். நாயகி ரொம்ப அழுகிறாள், குறைக்கவும். ‘என் நெஞ்சே வெடிக்கிறது’ என்று எந்தப் பதினைந்து வயதுப் பெண்ணும் பேசுவதில்லை. அப்பா, அம்மா வரும் காட்சிகளைப் பாதியாக்கவும். கதையில் கைபேசி போதாது. எட்டாவது பகுதிக்குள் நாயகி அந்தத் தோழியைப் பழிவாங்கியாக வேண்டும். வீட்டில் ஒரு நாய் வைக்கலாமா?

“நாயா?” என்றாள் வசனக்கா.

“நாய் வச்சா பசங்க பாப்பாங்களாம். வச்சுட்டுப் போவோம், நமக்கென்ன” என்றார் தயாரிப்பாளர். பிறகு குரலை ஏற்றி, “கடைசி வரியைக் கேளு: ‘எழுத்தாளரின் சொந்த அனுபவமே விளம்பரத்தின் மையம். பள்ளிகளுக்கு அழைத்துப்போய்ப் பேசவைக்கத் திட்டம்.’ எங்கேயோ போயிட்டே போ!”

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள், குறிப்புகளை விளக்குவதற்காக அந்தக் கண்ணாடி போட்ட பெண்ணே மாடியேறி வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மரியாதையான பெண், கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்திருந்தாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியுது. ஆனா வகுப்பறைக் காட்சியில ஒண்ணு இடிக்குது.”

“என்ன?”

“அந்தத் தோழியை அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்தியிருக்கீங்க. மூடியோட வரிவரியான விளிம்பு அவ கட்டைவிரல்ல படறது, அதைப் பாதி திருகிட்டு மறுபடி மூடறது, பின் வரிசை சிரிச்சதும் அவ காது சூடாகறது, எல்லாமே இருக்கு. ஆனா நாயகியைப் பத்தி ‘அவள் அழுதாள்’னு ஒரே வரி. பெஞ்சு எப்படி இருந்துச்சு, பாவாடை எப்படி இருந்துச்சு, அவ யாரைப் பார்த்தா, எதுவுமே இல்ல.” பேனாவால் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள்: “நீங்க இந்தக் காட்சிக்குள்ள எங்க மேடம் இருக்கீங்க?”

வசனக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண் எந்தச் சூதும் இல்லாமல்தான் கேட்டாள். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தால்கூட இதைவிட நேராகக் கேட்டிருக்க முடியாது.

“திருத்திடறேன்” என்றாள்.

உண்மையில் அன்றைக்கு நடந்தது இது. வசனக்கா அப்போது யார் கண்ணிலும் படாத பெண். வகுப்பில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. இருவருக்கும் ஒரே பெஞ்சு. இருவர் வீட்டுக்கும் போக வர ஒரே வழி. பின் வரிசையில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். வகுப்பில் எது நடந்தாலும் அவர்கள் சிரித்தால்தான் அது வேடிக்கை, அவர்கள் பேசினால்தான் அது பேச்சு. அவர்களில் ஒருத்திகூட ஒருநாளும் வசனக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோழி கெஞ்சியபோது அவள் பாட்டிலைத் திறக்கத்தான் போனாள். பாதி திருகியும் விட்டாள். அந்த நொடியில் அந்த வரி அவள் தலைக்குள் வந்தது. முழுசாக, சுத்தமாக, ஒரு வார்த்தை கூடக் குறையாமல் வந்தது. மூடியைத் திருப்பி இறுக்கினாள். எழுந்து நின்றாள். சொன்னாள். நாற்பது பேர் சிரித்தார்கள். பின் வரிசை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் வெற்றி வசனம் அதுதான். மறுநாள் பின் வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. அரையாண்டுக்குப் பிறகு தோழி அந்தப் பள்ளியைவிட்டே போய்விட்டாள்.

பத்து நாளில் நாலு நாள் ஓடிவிட்டது. நாயைச் சேர்த்தாள். அப்பா, அம்மாவைக் குறைத்தாள். கைபேசியைக் கூட்டினாள். நாயகிக்கு மட்டும் உயிர் வரவில்லை. ‘அவள் அழுதாள்’ என்பதை ஒன்பது விதமாக எழுதிப்பார்த்தாள். ஒன்பதிலும் ஒரு பொம்மைதான் அழுதது. முப்பது வருடத்தில் ஒருநாள், ஒரு நிமிடம், அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து தான் யோசித்துப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யோசித்ததெல்லாம் தன்னைப் பற்றித்தான்.

தோழி எங்கே இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு சிக்னலில் ஒரு பயிற்சிக் கார் முன்னால் வந்து நின்றது. பின் கண்ணாடியில் ‘பெண்களுக்குப் பெண்ணே கற்றுத்தரும் டிரைவிங் பள்ளி’ என்று எழுதி, ஒரு படமும் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவளுக்கு நரைத்த கிராப்புத் தலை. ஆனால் அந்தப் புருவத்தை எங்கே கண்டாலும் அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து வசனக்கா வேறு வழியாக அலுவலகம் போக ஆரம்பித்தாள்.

இப்போது, அன்று குறித்துவைத்திருந்த அந்த எண்ணைக் கூப்பிட்டாள். “நாலு மணிக்கு மைதானத்துக்கு வாங்க” என்றது குரல். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைப்பைக்குள் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப்போட்டுக்கொண்டதற்கு மட்டும் காரணம் சொல்லிக்கொள்ளவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் கார் நின்றிருந்தது. டிரைவிங் டீச்சர் கதவில் சாய்ந்துகொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க” என்று நிமிர்ந்தவள், அப்படியே நின்றாள். பிறகு பாட்டிலை மூடிக் காருக்குள் வைத்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“நின்னு பேச எனக்கு நேரமில்ல. அஞ்சு மணிக்கு அடுத்த ஆள் வருது. ஏறுடி.”

“நான் ஓட்டக் கத்துக்க வரல...”

“காருக்கு அது தெரியாது. ஏறு.”

வசனக்கா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். டீச்சர் பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கக் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. “கிளட்ச்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா. முட்டை மேல கால் வச்ச மாதிரி. ஆங், அப்படித்தான்.” கார் நொண்டி நொண்டி நகர்ந்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“நேரா பாத்து ஓட்டு. இப்ப சொல்லு.”

“அன்னைக்கு... நான் செஞ்சது...”

“சாரி சொல்ல வந்தியா, இல்ல கதை கேக்க வந்தியா?” டீச்சர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “உன் பேரு டிவியில ஓடறதை நான் பாத்திருக்கேன். பை திறந்திருக்கு. நோட்டு தெரியுது.”

வசனக்காவுக்குக் காது மடல் வரை எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“ரெண்டும்தான்” என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

“பரவால்ல, இதுல பொய் சொல்லல.” டீச்சர் ஸ்டீயரிங்கைத் தொட்டுச் சற்றே நேராக்கினாள். “ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ சொன்ன ஜோக்கு அன்னைக்கு என் காதுலயே விழல. சிரிப்புதான் கேட்டது. நான் உன் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“கையையா?”

“மூடியைப் பாதி திருகின. அப்புறம் மூடிட்ட. நீ கையையே வைக்காம இருந்திருந்தா, ‘பாவம், அவளுக்குப் புரியல, பயந்துட்டா’ன்னு நினைச்சிருப்பேன். உனக்கு நல்லா புரிஞ்சுது. செய்யவும் ஆரம்பிச்ச. அதைப் பாத்தேன்.”

அந்தப் பாதித் திருகல்தான் இத்தனை வருடமும் வசனக்கா தனக்காக ரகசியமாக வைத்திருந்த ஒரே ஆறுதல். நான் உதவத்தான் நினைத்தேன், ஒரு நொடிதான் தவறிவிட்டேன் என்று அதை வைத்துத்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண்ணை அதிகம் காயப்படுத்தியதே அதுதான்.

“என்னாலதான நீ ஸ்கூலை விட்டுப் போன?”

“எங்கப்பாவுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுது, போனோம். அந்தப் பெருமையையும் நீயே எடுத்துக்காத.” லேசாகச் சிரித்தாள். சிரிப்பில் சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை. “அன்னைக்கு சாயந்திரம் நோட்டு குடுக்க எங்க வீட்டுக்கு வந்த, ஞாபகம் இருக்கா? எங்கம்மா உனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. ‘இவ ஏன் அழறா, ஸ்கூல்ல என்ன ஆச்சு’ன்னு உன்னைத்தான் கேட்டாங்க. தெரியல ஆன்ட்டின்னு சொல்லிட்டு டீயைக் குடிச்ச. இடது பக்கம் திருப்பு. திருப்புடி.”

திருப்பினாள். இனி மறைத்துப் பயனில்லை.

“இன்னொண்ணு சொல்லணும். அந்தச் சம்பவத்தை ஒரு தொடருக்கு வச்சிருக்கேன். சேனல்ல... அது எனக்கு நடந்ததா சொல்லிட்டேன்.”

கார் குலுங்கி நின்றது. டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருந்தாள். என்ஜின் அணைந்துபோயிற்று.

“எது? குழாய் நீயா?”

வசனக்கா தலையாட்டினாள்.

“அது கூட எனக்குன்னு விடலையா நீ?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய ஒரு பெண் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். வசனக்கா “மன்னிச்சுக்கோ” என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அவள் எழுதிய தொடர்களில் வாரத்துக்கு மூன்று பேர் அதைச் சொல்வார்கள்.

“எனக்கு என்ன தோணுச்சுன்னு உனக்குச் சொல்ல மாட்டேன். அது உன் தொடருக்கு இல்ல. முதல்ல போய் அது நீ இல்லன்னு சொல்லு.” டீச்சர் மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. எல்லா வாடிக்கையாளர்களிடமும் பேசுகிற குரல். “அடுத்தவங்க வந்துட்டாங்க. இறங்கிக்கோங்க. பாத்து, கதவுப் பக்கம் வண்டி வருது.”

அந்த ‘ங்க’ அவளைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் சேனலில் கூடினார்கள். வசனக்கா ஏற்கெனவே தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அதனால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்துதான் கேட்டார்.

“நான் போன தடவை பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு நான் இல்ல. பாட்டில் வச்சிருந்தவ நான்.”

தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி போட்ட பெண் தன் காகிதத்தையே பார்த்தாள், கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. அவள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருந்தது. தலைவர்தான் முதலில் பேசினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வெளிச்சம் இருந்தது.

“மேடம், இது அதை விட பெட்டர்! கொடுமை பண்ணின பொண்ணே வாய் திறந்து பேசறா! இதை யாருமே பண்ணினதில்ல. விளம்பரத்துல நீங்களே கேமராவைப் பாத்து...”

வசனக்கா குறுக்கே கையை நீட்டினாள். திட்டுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று மூன்று நாளாக மனசைத் தயார்படுத்தியிருந்தாள். கைதட்டலுக்குத் தயாராகவில்லை.

“வேண்டாம் சார். என் படம் வேண்டாம், பேட்டி வேண்டாம். அந்தச் சம்பவமும் கதையில வேண்டாம். அது இன்னொருத்தவங்களோடது. நான் கேக்காம எடுத்துட்டேன்.”

“அதை எடுத்துட்டா என்னங்க மிச்சம்?”

திருத்திய கதையைச் சொன்னாள். நாயகி இப்போது சிரிக்கவைத்தவள். தோழி நம்பி அனுப்பிய குரல்செய்தியை வகுப்பில் எல்லோரும் கேட்கும்படி ஒலிக்கவிட்டு, ஒரே நாளில் பிரபலமாகிவிட்ட பெண். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் எப்படி மாறினாள், என்னென்ன இழந்தாள் என்பதுதான் பத்துப் பகுதியும். பழிவாங்கல் கிடையாது. நாய் இருக்கிறது.

தலைவர் கைபேசியை எடுத்துக்கொண்டார். “யோசிச்சுச் சொல்றோம்.”

தயாரிப்பாளர் தெருவுக்கு வந்த பிறகுதான், “என்கிட்டயாவது முதல்ல சொல்லியிருக்கலாம்மா. நான் ஆட்டோல அழுதேன்” என்றார். தனியாக வண்டி பிடித்துப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே, கணவனும் மகளும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். மகளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை; தட்டைப் பார்த்துச் சொன்னாள். கணவன் தம்ளரைக் கீழே வைத்தான். “நீ அப்ப சின்னப் பொண்ணுதானே” என்று அவன் ஆரம்பித்ததும், “இப்ப சின்னப் பொண்ணு இல்லையேப்பா” என்றாள் மகள். பிறகு அம்மாவைக் கேட்டாள்.

“நான் கிளாஸ்ல படிச்சேனே, அது?”

“பொய்.”

“நான் உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதேனே, அப்பவே உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

மகள் எழுந்து கைகழுவிவிட்டு அறைக்குள் போனாள். மறுநாள் அவளாகவே வகுப்பு டீச்சரிடம் போய், வகுப்பின் முன்னால் நின்று, நான் வாசித்த கட்டுரை உண்மை இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் மூலம் தெரிந்தது. நான் வருகிறேன், நானே சொல்கிறேன் என்று சொல்லக்கூட வசனக்காவுக்கு அவள் வாய்ப்புத் தரவில்லை. அந்த வகுப்பில் அவள் எப்படி நின்றிருப்பாள், யார் யார் சிரித்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் வசனக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. முதன்முறையாக அவள் வேறொருத்தியின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தது அப்போதுதான்.

சேனல் நாலு மாதம் கழித்து ஒப்புக்கொண்டது. கண்ணாடி போட்ட பெண் விடாமல் வாதாடினாள் என்று கேள்வி. ஆனால் பெரிய நேரம் கிடைக்கவில்லை, மத்தியான நேரம். கதைக்கு வேறு ஓர் இளைஞர் பெயரும், வசனத்துக்கு இவள் பெயரும் போட்டார்கள். தயாரிப்பாளர் அவளைக் கூட்டங்களுக்கு அழைத்துப்போவதை நிறுத்திக்கொண்டார். அவள் ஏனென்று கேட்கவில்லை.

அதற்குள் மகள் பேச ஆரம்பித்திருந்தாள், தேவைக்கு மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேஜைமேல் கிடந்த கடைசிப் பகுதியை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில்.

“இதெல்லாம் யாரும் இப்படிப் பேச மாட்டாங்க” என்று ஏழெட்டு இடத்தில் கோடு போட்டாள். பிறகு ஒரு பக்கத்தில் நின்றாள். “இந்தப் பொண்ணு சாரி சொன்னதும், அவ ‘விடுடி, நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே’ங்கறா. உன் ஃப்ரெண்டு அப்படிச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“என்ன சொன்னாங்க?”

“இறங்கிக்கோங்கன்னு.”

மகள் பென்சிலைக் கடித்தாள். “அப்ப இதை ஏன் எழுதின?”

வசனக்காவிடம் பதில் இருந்தது. சேனல் இப்படித்தான் கேட்கும், பார்க்கிறவர்களுக்கு ஆறுதல் வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். “எனக்கு யாராவது அப்படிச் சொல்லணும் போல இருந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டுக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

மகள் அந்தப் பக்கத்தைத் தனியாக உருவி, அம்மாவின் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனாள். வசனக்கா நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போடாமல், பாதம் தரையில் பட உட்கார்ந்து, அதை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.